ஊசி யார் கையில்?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் இருப்பதை நாம் யாவரும் அறிவோம். தொண்ணூற்றைந்தாவது அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயுற்றவர், அதைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து அம்மருந்தைக் கொடுப்பவர். தேர்வில் இந்த நான்கையும் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் தோழியரே. நோயாளி முதலில் நிற்கிறார். மருத்துவர் இரண்டாவதாகத்தான் வருகிறார்.

நம் மருத்துவமனைகளின் உள்நோயாளிப் பிரிவில் இந்த வரிசை தலைகீழாகி விட்டது என்பதும், முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு அது உயிராபத்தாகவே முடியலாம் என்பதும் என் கருத்து. சிறு வாய் பெரிய பேச்சு என்று பெரியவர்கள் நினைக்க வேண்டாம். ஒன்பது வயது முதல் இன்சுலின் போட்டுக்கொள்பவள் நான். ஒரு நாளைக்கு நான்கு ஊசி. இதுவரை எட்டாயிரத்துக்கு மேல் போட்டாயிற்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நம் அன்னூரில் ‘சுகர்’ இல்லாத வீடு உண்டா என்பது சந்தேகமே. தாத்தா காலையில் நடக்கப் போவார், மாத்திரை போடுவார், கல்யாண வீட்டில் மட்டும் கணக்குப் பார்க்காமல் லட்டு சாப்பிடுவார். அது இரண்டாம் வகை. அவர்கள் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது. போதவில்லை, அல்லது சரியாக வேலை செய்யவில்லை. எங்களுக்கு வந்திருப்பது வேறு. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களை, நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் படையே தாக்கி அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதும் அன்று, நடக்காமல் இருந்ததால் வருவதும் அன்று. “இந்த வயசுலயா கண்ணு? இனிப்பு நெறையாத் தின்னயா?” என்று கேட்காத உறவினர் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர்கள் மீது எனக்குக் கோபமும் இல்லை. ‘சர்க்கரை வியாதி’ என்று பெயர் வைத்தவர் செய்த வேலை அது.

இன்சுலின் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் அது செல்லுக்குள் போகாது. வயல் நிறையத் தண்ணீர் நின்றும் பயிர் வாடுவதைப் போல. உடம்பு வேறு வழியின்றிக் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அதிலிருந்து கீட்டோன் என்னும் அமிலங்கள் உண்டாகும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும், வாயில் அழுகிய பழத்தின் வாசனை வரும், பிறகு நினைவு தப்பும். உடனே கவனிக்காவிட்டால் மரணம். இதற்கு மாதங்கள் வேண்டியதில்லை. இன்சுலின் முழுவதும் நின்றுபோனால் சில மணி நேரமே போதும். ஆகவே எங்களுக்குச் சாப்பாட்டுக்கு ஓர் ஊசி, சாப்பாடே இல்லாவிட்டாலும் போட வேண்டிய ஊசி ஒன்று என இரண்டு விதம் உண்டு. இரண்டாவது, நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்வது. பட்டினி கிடந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், அறுவை சிகிச்சை நடந்தாலும் அதை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவைக் குறைக்கலாம், அல்லது அதற்குப் பதிலாக இரத்தக் குழாய் வழியே இன்சுலின் ஏற்றலாம். இந்தப் பத்தியில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், நிறுத்தக் கூடாது என்ற அந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள். என் கட்டுரை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

நாங்கள் எண்ணிக்கையில் சிலர் அல்லர். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் இருபது வயதுக்குட்பட்ட முதலாம் வகையினர் ஏறத்தாழ 2 லட்சத்து 29 ஆயிரம் பேர். அந்தக் கணக்கில் உலகிலேயே நம் நாட்டுக்குத்தான் முதலிடம்.

இந்த நோயின் வரலாற்றில் மருத்துவமனை வார்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ஆம் நாள் டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனர்ட் தாம்ப்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து தூய்மையாக இல்லாததால் சரிவரப் பலிக்கவில்லை. காலிப் என்னும் வேதியியல் அறிஞர் அதைத் தூய்மைப்படுத்திக் கொடுக்க, ஜனவரி 23-இல் மீண்டும் போட்டார்கள். சாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது எலிசபெத் ஹியூஸின் கதை. அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். இன்சுலின் வருவதற்கு முன் இருந்த ஒரே வழி பட்டினி வைத்தியம்தான். அதில் மூன்று ஆண்டுகள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 1922 ஆகஸ்டில் பாண்டிங்கிடம் கொண்டு வந்தபோது எடை இருபது கிலோ அளவே. அந்த மாதம்தான் அவளுக்குப் பதினைந்து வயது நிறைந்தது. இன்று எனக்கும் பதினைந்து. அவள் தன் ஊசியைத் தானே போடக் கற்றுக்கொண்டாள். திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தாள்.

அக்காலத்து நல்ல மருத்துவர்கள் நோயாளிக்குக் கற்றுக் கொடுப்பதையும் வைத்தியத்தின் பகுதியாகவே கருதினார்கள். பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின், இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918-இல் ஒரு கையேடு எழுதினார். அது மருத்துவருக்கும் நோயாளிக்கும் பொதுவானது என்று அதன் தலைப்பிலேயே போட்டார். நம் சென்னையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். இப்படியாக இந்த நோயில் மருத்துவர்கள் எங்களை நம்பித்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலையில் எத்தனை யூனிட், இரண்டு இட்லிக்கு எவ்வளவு, சந்தகை என்றால் எவ்வளவு, விளையாட்டு விழாவன்று எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் கணக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் கணக்கை ஒப்படைத்தார்கள்.

அப்படியிருக்க, அதே பிள்ளை வேறு ஏதோ நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவுடன் ஊசியும் கணக்கும் அவள் கையிலிருந்து பிடுங்கப்படுகின்றன. அதை வாங்கிக்கொள்பவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தால் குறையில்லை.

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் எனக்குக் குடல்வால் அழற்சி வந்தது. கோவையில் ஒரு மருத்துவமனையில் மாலையில் சேர்த்தார்கள். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்பதால் வாயில் தண்ணீரும் படக் கூடாது என்றார்கள். வார்டில் வெளி மருந்து வைத்திருக்கக் கூடாது என்று என் இன்சுலின் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு நான் போட வேண்டிய நீண்ட நேர ஊசியை யாரும் கொண்டு வரவில்லை. அம்மா போய்க் கேட்டார்கள்.

“ஏனுங்க சிஸ்டர், ராத்திரி ஊசிய மட்டும் நிறுத்தக் கூடாதுங்க. எங்க டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காருங்க.”

“சாப்பாடே இல்லாத புள்ளைக்கு ஊசி போட்டா சுகர் எறங்கிப் போயிருமுங்க அக்கா. சீட்டுலயும் எழுதலீங்க. காலையில டாக்டர் வந்து பாக்கட்டுங்க.”

பத்து மணிக்குச் சர்க்கரை பார்த்தார்கள். 168. “நார்மலாத்தானுங்க இருக்குது” என்றார் அந்தச் செவிலியர். வருகிற வெள்ளத்தை ஆற்றில் இப்போது ஓடும் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அம்மா மறுபடி போனார்கள். மூன்றாம் முறையும் போனார்கள். பிறகு, ரொம்பப் பேசும் அம்மா என்று பெயர் வந்துவிடுமே, அதனால் என்னைச் சரியாகக் கவனிக்காமல் போய்விடுவார்களோ என்று பயந்து, வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டார்கள். இந்தப் பயம் எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

விடியற்காலை நான்கு மணிக்கு வாந்தி. சர்க்கரை 391. குடல்வால் வலியால் வரும் வாந்தி என்றே முதலில் எண்ணினார்கள். இரண்டுக்கும் வயிற்று வலியும் வாந்தியும் பொது ஆகையால் அப்படி எண்ணியது வியப்பில்லை. ஆறரை மணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர்தான் சிறுநீரில் கீட்டோன் பார்க்கச் சொன்னார். என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, இன்சுலினையும் உப்புநீரையும் ஏற்றி, அறுவை சிகிச்சையை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். நல்ல வேளையாகக் குடல்வால் அதுவரை வெடிக்காமல் இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடலாம் என்றார்கள். காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு ஊசியைப் போட்டுவிட்டுப் போனார்கள். வேகமாக வேலை செய்யும் ஊசி அது. போட்டவுடன் சாப்பிட வேண்டும். உணவு வண்டி வந்தது எட்டு இருபதுக்கு. அதற்குள் எனக்குக் கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டிவிட்டது. அளவு 52. அம்மா சர்க்கரை கேட்டு ஓடினார்கள். “சுகர் பேஷண்டுக்குச் சர்க்கரையா? டயட்டுல இல்லீங்க” என்று பதில் வந்தது. பக்கத்துப் படுக்கை ஆத்தா தம் காபிக்கென்று ஒளித்து வைத்திருந்த டப்பாவைத் திறந்து மூன்று கரண்டியை என் வாயில் போட்டார். அந்த ஆத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். மயங்குகிற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதில் அந்த இரவுச் செவிலியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வார்டு முழுவதற்கும் அன்றிரவு அவர் ஒருவரே. அவர் பார்க்கும் நீரிழிவு நோயாளிகளில் பெரும்பாலோர் தாத்தா பாட்டிகள். மாத்திரை சாப்பிடும் அவர்களுக்குப் பட்டினி நேரத்தில் மருந்தை நிறுத்துவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். என் நோய்க்குறிப்பின் தலைப்பில் ‘டி.எம்.’ என்று இரண்டே எழுத்துதான் இருந்தது. எந்த வகை என்று இல்லை. தாத்தாவுக்கும் அதே இரண்டெழுத்து, எனக்கும் அதே இரண்டெழுத்து. அப்புறம் எப்படி வேறுபாடு தெரியும்?

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மருத்துவமனைகளில் படுத்திருக்கும் நீரிழிவு நோயாளிகளைப் பற்றிப் பல ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். 2017-ஆம் ஆண்டுக் கணக்கில், முதலாம் வகை உள்ள உள்நோயாளிகளில் 25 பேருக்கு ஒருவர் வீதம், மருத்துவமனையில் இருக்கும்போதே கீட்டோன் அமில நிலைக்குப் போனது தெரிந்தது. அதாவது நோயோடு வந்தவர்கள் அல்லர். அங்கே வந்தபின் அதைப் பெற்றவர்கள். நீரிழிவு உள்ள உள்நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரது மருந்து விஷயத்தில் ஏதேனும் ஒரு பிழை இருந்தது. அவ்வளவு வசதியுள்ள நாட்டில் இந்த நிலை. ஆனால் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள், எண்ணியதை ஊரறிய வெளியிட்டார்கள். தகுதியுள்ள நோயாளி வார்டிலும் தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளலாம் என்று அந்நாட்டு நீரிழிவு மருத்துவர்கள் வழிகாட்டியும் எழுதினார்கள்.

எழுத்துப் பிழையைப் பற்றி ஒரு செய்தி. யூனிட் என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவார்கள். அந்த எழுத்து வட்டமாக விழுந்தால் சுழியம் போலத் தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும். அதனால் 2010-இல் பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு, அந்தச் சொல்லை முழுதாகவே எழுத வேண்டும் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் அறிவுறுத்தியது. கையெழுத்துக்காக நம் தமிழ் ஆசிரியை காட்டும் கண்டிப்பு இனிமேல் எனக்குக் கசக்காது.

நம் நாட்டுக்கென்றே இன்னொரு குழி இருக்கிறது. இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட ஊசிக்குழல். பேனாவில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதைக் குழலில் எடுப்பதானால் ஆரஞ்சு மூடி போட்ட குழல் வேண்டும். வீட்டில் பேனா பழகிய பிள்ளைக்கு, பேனா மருந்தையே சிவப்பு மூடிக் குழலில் 10 என்ற கோடு வரை உறிஞ்சிப் போட்டால் உள்ளே போவது 10 யூனிட் அன்று, 25. இரண்டரை மடங்கு! பாதி ராத்திரியில், மங்கலான விளக்கில், அவசரத்தில் இருக்கும் ஒருவர் இதைக் கவனிக்காமல் போகலாம். படுக்கையில் கிடக்கும் பிள்ளை கவனிப்பாள். அவளுக்கு அது தினசரிப் பாடம்.

இனி வள்ளுவர் சொன்ன நான்காவது ஆளிடம் வருகிறேன். மேல்நாட்டு மருத்துவமனைகளில் பெரியவர்கள் தனியாகப் படுத்திருப்பார்கள். உறவினர் பார்வை நேரத்தில் பூங்கொத்தோடு வந்து போவார்கள் என்று படித்திருக்கிறேன். நம் ஊரில் அப்படியில்லை. துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் யாரையும் சேர்ப்பதே அரிது. அந்தத் துணையாள் என்னென்ன செய்கிறார் என்று பாருங்கள். கீழே மருந்துக் கடைக்குப் போய் மருந்து வாங்கி வருகிறார். இரத்தக் குழாய்ச் சீசாவைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு போகிறார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போகிறார். பாட்டில் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்கிறார். கழிகலம் எடுக்கிறார், துடைக்கிறார், தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். இத்தனை வேலையையும் நம்பி ஒப்படைக்கும் மருத்துவமனை, “இந்த ஊசியை நிறுத்தாதீர்கள்” என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் ஏன் காதில் வாங்குவதில்லை? என் அம்மா ஆறு ஆண்டுகளாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் என் சர்க்கரை அளவை எழுதி வருகிறார்கள். பன்னிரண்டு நோட்டுகள் நிறைந்துவிட்டன. அன்று ஒரு நோட்டு கையிலேயே இருந்தது. யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அத்தை செவிலியர். இதை அவரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “எல்லா அம்மாவும் உங்கம்மா மாதிரி இருப்பாங்களா அம்மிணி? ஒருத்தர் ரெண்டு தடவை போட்டுட்டுச் சொல்லாம இருந்தா? வெயில்ல பஸ்ஸுல கொண்டு வந்த மருந்து கெட்டுப் போயிருந்தா? கடைசியில பதில் சொல்றது நாங்கதானே?” மூன்றும் நியாயமான கேள்விகள். மயக்கத்தில் இருப்பவரிடம் ஊசியைக் கொடுக்க முடியாது. கீட்டோன் முற்றியவர் தாமே பார்த்துக்கொள்ளவும் முடியாது. அன்று காலை என்னைக் காப்பாற்றியது மருத்துவமனைதான், நானோ அம்மாவோ அல்லோம். ஆகவே பொறுப்பைத் தட்டிப் பறிப்பது என் நோக்கமன்று. சேர்க்கும்போதே மருத்துவர் இரண்டு நிமிடம் பேசி, இந்தப் பிள்ளைக்குத் தெரியும், இவள் தன் ஊசியைச் செவிலியர் முன்னிலையில் போடலாம், அளவைக் குறிப்பேட்டில் எழுதலாம் என்று ஒப்புதல் கொடுக்கட்டும். முடியாதவர்களுக்குச் செவிலியரே போடட்டும். ஆனால் தட்டு முன்னால் வந்தபின் போடட்டும். மருந்தின் மேல் சந்தேகமிருந்தால் மருத்துவமனைக் குளிர்பெட்டியிலிருந்து புதிதாக ஒன்று கொடுக்கட்டும். அந்த அத்தை இதைக் கேட்டுவிட்டு, “எழுத்துல குடுத்தாங்கன்னா எங்களுக்கும் நிம்மதிதான்” என்றார்.

இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். நோய்க்குறிப்பின் தலைப்பில் ‘முதலாம் வகை - இன்சுலினை நிறுத்தாதே’ என்று சிவப்பு மையில் எழுத ஒரு பேனா போதும். படுக்கைப் பக்கத்து மேசையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம். நம் பள்ளியில் நோயாளி அறையைக் கவனிக்கும் அருட்சகோதரி எனக்காக அப்படி ஒன்றை மேசை இழுப்பறையில் எப்போதும் வைத்திருக்கிறார்கள். கேட்டுவிட்டு எடுக்க வேண்டாம், எடுத்துவிட்டுச் சொல் என்று உத்தரவு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல், முதலாம் வகை மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி கொண்டு போகலாம் என்று அனுமதித்தது. பரீட்சை அறைக்குள் போகும் இனிப்பு ஆஸ்பத்திரி வார்டுக்குள் போகக் கூடாதாம்!

நம் நாட்டில் அறிவுக்கும் பஞ்சமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022 ஜூன் மாதம் முதலாம் வகை நீரிழிவுக்கென்றே விரிவான வழிகாட்டியை வெளியிட்டது. பக்கத்துக் கேரளத்தில் 2018 முதல் அரசே ‘மிட்டாயி’ என்ற திட்டத்தில் இப்பிள்ளைகளுக்கு உதவுகிறது. (பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு!) நம் கோவையிலேயே டாக்டர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தொடங்கிய ‘இதயங்கள்’ அறக்கட்டளை, ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் பரிசோதனைப் பொருள்களும் கொடுத்து வருகிறது. வெளிநோயாளியாக வரும் பிள்ளைக்கு இத்தனை கைகள் நீளுகின்றன. அந்த அறிவு இரவு ஒன்பது மணிக்கு, அறுவை சிகிச்சை வார்டில், எலும்பு முறிவு வார்டில், காய்ச்சல் வார்டில் வந்து சேர வேண்டும். நீரிழிவு மருத்துவர் அங்கே இருக்க மாட்டார்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு இந்த நோய் என்றால் ஊருக்குத் தெரியாமல் மறைப்பது வழக்கம். “நாளைக்கு யாரு கட்டுவாங்க?” என்று ஒரு கேள்வி. சுற்றிலும் உறவினர் நிற்க, சேர்க்கும் இடத்தில் “வேற ஏதாச்சும் வியாதி இருக்குங்களா?” என்று கேட்கும்போது, “இல்லீங்க” என்று சொல்லிவிட்டுப் பிறகு தனியாகப் போய்க் காதோடு சொன்ன ஒரு தாயை நான் அறிவேன். காதோடு சொன்னது குறிப்பில் ஏறுமா? முன்னே சொன்ன எலிசபெத் ஹியூஸும் வாழ்நாளின் பெரும்பகுதி தன் நோயை வெளியே சொல்லாமலே காத்தார். நூறு ஆண்டுக்கு முந்திய காலம், பெரிய இடத்துப் பெண், போகட்டும். ஆனால் மறைத்து வைத்த நோய்க்கு நள்ளிரவில் யாரும் ஊசி போட வர மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்போது சொல்வது என்று பிறகு யோசிக்கலாம். மருத்துவமனை வாசலில் உரக்கச் சொல்லுங்கள்.

என்னைப் போன்ற பிள்ளைகளுக்காக ஓர் அட்டை எழுதியிருக்கிறேன். எங்கள் மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்கினேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். ‘எனக்கு முதலாம் வகை நீரிழிவு. நான் சாப்பிடாவிட்டாலும் என் நீண்ட நேர இன்சுலினை முழுவதும் நிறுத்த வேண்டாம். வாந்தியோ வயிற்று வலியோ இருந்தால் கீட்டோன் பார்க்கவும். கை நடுங்கினால் உடனே சர்க்கரை கொடுக்கவும். அளவு பற்றி என்னையும் என் தாயையும் கேட்கவும்.’ கீழே மருத்துவரின் தொலைபேசி எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். தலைமையாசிரியை அம்மா அவர்களின் அனுமதியோடு ஒரு படி நோயாளி அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பள்ளியில் எனக்குத் தெரிந்து எங்களைப் போல் இருவர் இருக்கிறோம்; தெரியாமல் இன்னும் யாரேனும் இருக்கலாம். அட்டை வேண்டுவோர் வந்து கேட்கலாம். பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, சன்னலோரம், மூன்றாவது வரிசை.